முழங்காலின் குருத்தெலும்புச் செல்களைப் பகுதி வாரியாகப் பிரித்து ஒப்பிடுவது எப்படி

1994-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இருந்து ஒரு முடிவு வெளியானது. 23 பேரின் முழங்காலில், அதிகச் சுமை தாங்காத இடத்திலிருந்து குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களை வளர்த்து, அவரவர் முழங்காலிலேயே குறைபட்ட இடத்தில் வைத்தார்கள். தொடையெலும்பின் கீழ் முனையில் உருண்டிருக்கும் குமிழில் வைத்த 16 பேரில் 14 பேருக்குப் பலன் நன்றாக இருந்தது. முழங்கால் சில்லில் வைத்த 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே அப்படி. சில்லின் நகர்வும் அதன் மேல் விழும் விசையும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஓரிடத்துச் செல் இன்னோரிடத்தில் போய் அந்த இடத்துக்குரியதாக மாறுமா என்ற கேள்வியும் அதிலிருந்தே எழுகிறது.

இந்தக் கேள்வியை ஆய்வகத்தில் தொடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். குருத்தெலும்புச் செல்களுக்கு இடையில் மூன்று வகை வேறுபாடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூட்டின் எந்தப் பகுதி என்பது ஒன்று. மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்பது இரண்டாவது. அந்த இடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது மூன்றாவது. கத்தி வைக்கும் நேரத்திலேயே இவற்றைப் பிரிக்காவிட்டால், பிறகு எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. தேய்ந்த உட்பக்கத்தையும் தேயாத வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு அதைப் பகுதி வேறுபாடு என்று எழுதுவதுதான் இத்துறையில் அடிக்கடி காணும் பிழை. கீழே உள்ள முறை முழுவதும் அதைத் தவிர்ப்பதற்காக அமைந்தது.

திசு வரும் வழி

முழு மூட்டு மாற்று அறுவையில் வெட்டி நீக்கும் துண்டுகளே பொதுவாகக் கிடைக்கும் திசு. தொடையெலும்பின் கீழ் முனையிலிருந்து உள், வெளித் துண்டுகள் இரண்டு, குமிழ்களின் பின்பக்கத் துண்டுகள் இரண்டு, சில்லு ஓடும் பள்ளத்தின் ஒரு பகுதியோடு முன்பக்கத் துண்டு ஒன்று, கீழ்க்கால் எலும்பான டிபியாவின் மேல்தட்டு ஒரே வட்டாக. சில்லுக்கும் உறை போடும் அறுவையானால் அதன் துண்டும் கிடைக்கும். கழிவாகப் போகும் திசுதான் என்றாலும் நோயாளியின் எழுத்து மூலச் சம்மதமும் நிறுவன நெறிக்குழுவின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை இல்லை என்று வந்திருந்தாலும், தொற்று உள்ள திசுவாகவே நினைத்து இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு அறையில் வேலை செய்யுங்கள்.

அறுவை அரங்கில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தவறினால் எல்லாம் வீண். ஆறு கிண்ணங்களுக்கும், சில்லும் வருமானால் ஏழாவதுக்கும், முன்பே பெயர் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு துண்டும் வெட்டப்பட்ட உடனே, மேசையில் சேர்த்து வைக்காமல், அதன் கிண்ணத்துக்குள் போக வேண்டும். டிபியா வட்டின் முன் விளிம்பில் ஒரு தையல் போடச் சொல்லுங்கள். தையல் மறந்து போனாலும் வடிவத்தைக் கொண்டு அடையாளம் காணலாம்: உட்பக்கத் தட்டு பெரியது, முன்பின்னாக நீண்டது, குழிந்தது, வெளிப்பக்கத் தட்டு சிறியது, வட்டமானது, ஏறக்குறையத் தட்டையாகவோ சற்று மேடாகவோ இருக்கும். தொடையெலும்புத் துண்டுகளில் இந்த வசதி குறைவு. பின்பக்கத் துண்டுகள் கலந்துவிட்டால் எது எதென்று ஊகிக்காமல் ஒதுக்கிவிடுவதே நேர்மை.

துண்டுகள் முழுதாக மூழ்கும் அளவு குளிர்ந்த வளர்ப்பூடகம் ஊற்றுங்கள். மி.லி.க்கு 100 அலகு பெனிசிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின், 2.5 மைக்ரோகிராம் ஆம்ஃபோட்டெரிசின் சேர்த்தது. கிண்ணம் பனிக்கட்டியின் மேல் இருக்கட்டும். திசு உறையக் கூடாது. காற்றில் காய்ந்தால் முதலில் சாவது மேலடுக்குச் செல்கள். அப்படிக் காய்ந்த திசுவில் மேலடுக்கு மரபணுக்கள் குறைந்து தெரியும், அதைப் பகுதியின் இயல்பு என்று எண்ணத் தோன்றும். செல் பிரிப்புக்கு 24 மணி நேரத்துக்குள் தொடங்கலாம். ஆர்.என்.ஏ. எடுக்கப் போகும் துண்டை அன்றே, கூடுமான அளவு விரைவில் உறைய வையுங்கள்.

எந்த இடத்தை எதோடு ஒப்பிடுவது

கால் வெளிப்புறமாக வளைந்த முழங்காலே மாற்று அறுவைக்கு அதிகம் வருகிறது. அதில் உட்பக்கம் தேய்ந்து எலும்பு தெரியும்; வெளிப்பக்கம் பெரும்பாலும் தப்பியிருக்கும். எனவே உட்பக்கத் தொடையெலும்பையும் வெளிப்பக்கத் தொடையெலும்பையும் நேராக ஒப்பிடும் ஆசையை விட்டுவிடுங்கள். முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) உறுதியாக இருக்கும் முழங்காலில் தேய்மானம் முன்-உள் பகுதியிலேயே நின்றுவிடும், உட்குமிழின் பின்பக்கம் நல்ல நிலையில் இருக்கும். அந்தப் பின்துண்டு மதிப்பு மிக்கது. உட்பக்கத்தின் தேயாத குருத்தெலும்பு ஒரே நோயாளியிடம் கிடைப்பது அங்கேதான். அதை வெளிக்குமிழின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டால் நியாயமான ஒப்பீடு.

டிபியாவில் இன்னொரு கோடு உண்டு. வெளிப்பக்கத் தட்டின் விளிம்பு, இரு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸின் அடியில் மறைந்திருக்கும். நடுப்பகுதி தொடையெலும்பை நேரடியாகத் தொடும். நடுப்பகுதிக் குருத்தெலும்பு தடிமனானது, மென்மையானது. மறைந்த விளிம்பு மெல்லியது, விறைப்பானது. ஒரே தட்டில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு உலகங்கள் கிடைக்கின்றன, வயது, எடை, மருந்து எல்லாம் பொதுவாக இருக்க. ஒரே ஒரு ஒப்பீடு செய்ய மட்டும் வாய்ப்பிருந்தால், இதைத்தான் செய்யச் சொல்வோம்.

சில்லும் பள்ளமும் இன்னொரு நல்ல இணை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உராய்பவை, ஆனால் சில்லின் குருத்தெலும்பு உடலிலேயே தடிமனான ஒன்று, 5 மி.மீ.க்கு மேலும் போகும். தொடையெலும்புக் குமிழில் 2 முதல் 2.5 மி.மீ. சில்லின் குருத்தெலும்பில் நீர் அதிகம், புரோட்டியோகிளைக்கான் என்ற புரத-சர்க்கரைச் சேர்மம் குறைவு, அழுத்தத்துக்குக் கொடுக்கும் விறைப்பும் குறைவு.

இடத்தைத் தேர்ந்த பிறகு நிலையைத் தரப்படுத்துங்கள். தேயாத குருத்தெலும்பு, முற்றாத தேங்காய்ப் பருப்பு போல வெண்மையாக, பளபளப்பாக, அழுத்தினால் மீண்டு வருவதாக இருக்கும். மஞ்சள் பாய்ந்தது, மங்கியது, மேற்பரப்பில் நார் பிரிந்தது எல்லாம் தேய்மானத்தின் அறிகுறி. தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துத் தரமிடும் அவுட்டர்பிரிட்ஜ் அளவில் 0 அல்லது 1 மட்டும் பகுதி ஒப்பீட்டுக்கு எடுங்கள். கண் ஏமாற்றும் என்பதால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு கீற்று திசுவியலுக்குப் போக வேண்டும்: 10% நடுநிலை ஃபார்மலின், எலும்பு ஒட்டியிருந்தால் ஈ.டி.டி.ஏ.வில் சுண்ணாம்பு நீக்கம், பிறகு புரோட்டியோகிளைக்கானைச் சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின் ஓ சாயம். சாயமிட்ட சீவலில் தேய்மானத்தை அளக்கும் ஓ.ஏ.ஆர்.எஸ்.ஐ. தரம் 0 முதல் 6 வரை உள்ளது. தரம் போடுபவருக்கு அது எந்த இடம் என்று தெரியக் கூடாது. கண்ணுக்கு நலமாகத் தெரிந்து, சாயத்தில் மேல்பாதி நிறமிழந்து வரும் துண்டுகள் எப்போதும் சில இருக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கும் விதியை முன்பே எழுதி வையுங்கள்.

வெட்டும்போது மூன்றைத் தவிருங்கள். ரம்பம் பட்ட விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே வாருங்கள்; ரம்பத்தின் சூட்டிலும் அதிர்விலும் அங்குள்ள செல்கள் செத்திருக்கும். மூட்டு விளிம்பில் முளைத்த எலும்புத் துருத்தலின் மேல்மூடியைத் தொடாதீர்கள். அது நார்க்குருத்தெலும்பு, அதிலுள்ள, நார்த்திசுவுக்குரிய கொலாஜன் 1 முழு முடிவையும் கெடுக்கும். விளிம்பில் மூட்டின் உட்புறத்தைப் போர்த்தும் சினோவியப் படலமோ மெனிஸ்கஸ் ஒட்டோ இருந்தால் முதலில் அதை உரித்து எறியுங்கள்.

நல்ல பரப்பில் மூன்று இணைக் கீற்றுகள் வெட்டினால் போதும்: ஒன்று திசுவியலுக்கு, ஒன்று உடனே திரவ நைட்ரஜனுக்கு, அகலமான ஒன்று செல் பிரிப்புக்கு.

ஆழம்

மேலடுக்கு மொத்தத் தடிமனில் 10 முதல் 20 சதவீதம். செல்கள் தட்டையாக, பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும்; மூட்டை வழுக்க வைக்கும் லூப்ரிசினைச் சுரப்பவை இவை. நடு அடுக்கு 40 முதல் 60 சதவீதம், உருண்டைச் செல்கள். கீழடுக்கில் செல்கள் நெடுக்காக அடுக்கப்பட்டிருக்கும், புரோட்டியோகிளைக்கான் அதிகம். அதன் கீழே எல்லையாக அலைக்கோடு, பிறகு சுண்ணாம்பு படிந்த அடுக்கு; கொலாஜன் 10 அங்கே.

செல் அடர்த்தியும் ஆழத்தோடு மாறும். வளர்ந்தவரின் தொடையெலும்புக் குமிழில் முழுத் தடிமனுக்கும் சேர்த்து ஒரு கன மி.மீ.க்கு ஏறக்குறைய 10,000 செல்கள். மேலடுக்கில் மட்டும் பார்த்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதன் விளைவு எளிதில் கவனத்துக்கு வராது. மெல்லிய விளிம்பில் முழுத் தடிமனும் எடுத்து, தடித்த சில்லில் மேலே பாதி மட்டும் சீவி எடுத்தால், இரண்டு மாதிரிகளிலும் மேலடுக்குச் செல்களின் பங்கு வேறுபடும். லூப்ரிசின் வேறுபாடு தெரியும். அதற்கும் பகுதிக்கும் தொடர்பே இராது.

ஆகவே எல்லா இடத்திலும் அலைக்கோட்டுக்குச் சற்று மேல்வரை முழுத் தடிமனும் எடுங்கள். கத்தி எலும்பை உரசும் ஓசை கேட்டால் ஆழம் மிஞ்சிவிட்டது. துண்டின் அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தால் எலும்பு மச்சைச் செல்களும் வந்துவிட்டன என்று பொருள். அடுக்கு வாரியாகவும் பார்க்க வேண்டுமானால் வைப்ரடோம் கருவியில் 200 மைக்ரான் தடிமனில் சீவுங்கள். குமிழ்க் குருத்தெலும்பில் முதல் சீவலை மேலடுக்காக எடுத்துக்கொள்ளலாம். தடிமன் வேறுபடும் இடங்களில் மைக்ரான் கணக்கை விட்டு, அந்த இடத்தின் மொத்தத் தடிமனில் எத்தனை சதவீதம் என்று வெட்டுவதே சரி. அதற்காக வெட்டுமுன் ஒரு ஓரத்தை நிமிர்த்திப் பிடித்து அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.

செல்களை வெளியே எடுத்தல்

ஓர் இடத்துக்கு 300 மி.கி. ஈரத் திசு கிடைத்தால் வேலை தாராளமாக நடக்கும். 100 மி.கி.க்குக் கீழே போனால் வளர்ப்பை விட்டு, உறைந்த கீற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

1. பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து எடை போடுங்கள். எடை எழுதாத மாதிரியில் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

2. 1 முதல் 2 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு. பெரிய துண்டின் நடுவுக்கு நொதி போய்ச் சேர்வதற்குள் வெளியே வந்த செல்கள் சாகத் தொடங்கும்.

3. ஒரு கிராம் திசுவுக்கு 10 மி.லி. கணக்கில் புரோனேஸ் நொதி, மி.லி.க்கு 2 மி.கி., சீரம் இல்லாத ஊடகத்தில், 37 டிகிரியில் 60 நிமிடம், மெல்லக் குலுக்கியபடி. இது புரோட்டியோகிளைக்கானை நீக்கி, கொலாஜனேஸுக்கு வழி திறக்கிறது.

4. வடித்துக் கழுவி, கொலாஜனேஸ் வகை 2, மி.லி.க்கு 0.5 மி.கி., 5% கன்றுக்கரு சீரம் சேர்த்த ஊடகத்தில், 37 டிகிரியில் 12 முதல் 16 மணி நேரம்.

5. 70 மைக்ரான் வலையில் வடித்து, புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசையில் 8 நிமிடம் சுழற்றி, இரண்டு முறை கழுவி, செத்த செல்களை நீலமாக்கிக் காட்டும் டிரிப்பான் நீலத்தில் எண்ணுங்கள். வலையில் தங்கிய திசுவையும் எடை போடுங்கள்.

கொலாஜனேஸ் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் வீரியம் மாறும் பொருள். முழு ஆய்வுக்கும் ஒரே தொகுதியை வாங்கி, சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 20-ல் வையுங்கள். தொகுதியை மாற்ற நேர்ந்தால் ஒரு நோயாளியின் எல்லாப் பகுதிகளும் ஒரே தொகுதிக்குள் இருக்கும்படி பாருங்கள்.

ஐந்தாம் படியில் வலையில் தங்குவது பெரும்பாலும் கீழடுக்குத் துண்டுகள். ஓர் இடத்தில் 5 சதவீதமும் இன்னோர் இடத்தில் 30 சதவீதமும் தங்கினால் இரண்டு செல் தொகைகளும் ஒப்பிடத் தக்கவை அல்ல. நேரத்தை நீட்டினால் முதலில் வெளியே வந்த மேலடுக்குச் செல்கள் கெடும். அதைவிடத் துண்டின் அளவைக் குறைத்து மறுபடி செய்வது மேல்.

எண்ணிக்கையைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கன மி.மீ. குருத்தெலும்பு கிட்டத்தட்ட ஒரு மி.கி.; அதில் 10,000 செல்கள் என்றால் ஒரு கிராமில் ஒரு கோடி. நடைமுறையில் முழுத் தடிமன் திசுவில் கிராமுக்கு 20 முதல் 50 லட்சம் கிடைத்தால் நல்ல பிரிப்பு. ஒரு கோடியைத் தாண்டினால் மகிழாதீர்கள். சினோவியம், மச்சை, சிவப்பணு, அல்லது எண்ணும் பிழை. உயிருள்ள செல் 85 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்தக் குழாயை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

தட்டில் வைத்தால் என்ன ஆகும்

பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிய குருத்தெலும்புச் செல் தன் இயல்பை இழக்கும். உருண்டை வடிவம் போய் நார்ச்செல் போல நீளும். குருத்தெலும்புக்குரிய கொலாஜன் 2-உம், அதன் முக்கியப் புரோட்டியோகிளைக்கானான அக்ரிகனும் சரியும், கொலாஜன் 1 ஏறும். செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் முதல் பெயர்ப்பு வளர்ப்பிலேயே இது தொடங்கிவிடும். பகுதி வேறுபாடும் இதோடு கரையும். நான்காம் ஐந்தாம் பெயர்ப்பில் எடுத்த செல்களில் வேறுபாடு இல்லை என்று முடிவு சொன்னால், அது முழங்காலைப் பற்றிய முடிவு ஆகாது, பிளாஸ்டிக்கைப் பற்றியது.

ச.செ.மீ.க்கு 50,000 வீதம் அடர்த்தியாக விதைத்து, 10% சீரமும் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பேட்டும் கொடுத்து, முதல் பெயர்ப்புக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். நீண்ட நாள் பார்க்க வேண்டுமென்றால் உருண்டை வளர்ப்பே வழி. 2.5 லட்சம் செல்களைக் கூம்பு அடிக் குழாயில் 300 மடங்கு விசையில் 5 நிமிடம் சுழற்றி, மூடியைத் தளர்த்தி இன்குபேட்டரில் வையுங்கள். ஊடகத்தில் டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி மி.லி.க்கு 10 நானோகிராம், டெக்சாமெத்தசோன் 100 நானோமோலார், இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் 1%, அஸ்கார்பேட், புரோலின், சீரம் வேண்டாம். மறுநாள் குழாயை மெல்லத் தட்டினால் உருண்டை அடியிலிருந்து விடுபட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக்குப் பரவி உருக்குலையும். வாரம் மூன்று முறை ஊடகம் மாற்றி, 21 அல்லது 28 நாள். ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை, அதன் செல்களுக்கு 20 சதவீதம் பழக்கமில்லாதது.

டி.ஜி.எஃப். பீட்டாவின் தாக்கம் மிக வலுவானது. எல்லாப் பகுதிச் செல்களையும் ஒரே திசையில் தள்ளும். ஒவ்வோர் இடத்துக்கும் அது இல்லாத உருண்டை ஒன்றையும் வைத்தால்தான், மிஞ்சியிருக்கும் வேறுபாடு செல்லினுடையதா என்று தெரியும்.

ஆர்.என்.ஏ.

ஓர் இரவு முழுதும் நொதியில் கிடந்த செல்லின் ஆர்.என்.ஏ., மூட்டில் இருந்த செல்லின் ஆர்.என்.ஏ. அல்ல. நொதியில் செரிப்பதே செல்லின் நெருக்கடிக் கால மரபணுக்களைத் தூண்டும். அதனால்தான் ஒரு கீற்றைத் தனியாக உறைய வைக்கச் சொன்னோம். அதைத் திரவ நைட்ரஜனில் குளிர்ந்த நிலையிலேயே பொடியாக்கி, உருக விடாமல், ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் டிரைசால் கரைசலில் போடுங்கள், 100 மி.கி.க்கு 1 மி.லி. குளோரோஃபார்மில் பிரித்தபின், மேலே நிற்கும் நீர் அடுக்கைச் சிலிக்கா குழலில் ஏற்றுங்கள். புரோட்டியோகிளைக்கான் கூடவே வந்து வண்டலை வழவழப்பாக்கும். தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.5-க்குக் கீழே விழும். அப்போது அதிக உப்புக் கரைசலில் ஐசோபுரோப்பனால் கொண்டு மறுபடி படிய வைத்தால் தேறும். புரோட்டியோகிளைக்கான் அதிகமுள்ள இடத்தில் இந்தத் தொல்லையும் அதிகம் என்பதால், சுத்தம் செய்யாத மாதிரிகளில் மரபணு அளவைக் காட்டும் பி.சி.ஆரே பகுதிக்குப் பகுதி வேறாக ஓடும்.

கொலாஜன் 2, அக்ரிகன், குருத்தெலும்புச் செல்லின் இயல்பைக் காக்கும் சாக்ஸ் 9, லூப்ரிசினின் பி.ஆர்.ஜி.4, கொலாஜன் 1, கொலாஜன் 10, திசுவை அரிக்கும் நொதிகளான எம்.எம்.பி. 13, அடாம்டிஎஸ் 5 ஆகிய எட்டு மரபணுக்களும் முதல் பார்வைக்குப் போதும். எல்லா இடத்திலும் மாறாமல் இருக்க வேண்டிய ஒப்பீட்டு மரபணுவாக ஜி.ஏ.பி.டி.எச்.-ஐ மட்டும் நம்பாதீர்கள்; டி.பி.பி., ஆர்.பி.எல்.13ஏ இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். கொலாஜன் 1 ஓர் இடத்தில் மட்டும் திடீரென உயர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒட்டிய நார்த்திசுவை. கொலாஜன் 10 உயர்ந்தால் கத்தி ஆழம் போனதா என்று அந்த இடத்தின் திசுவியல் படத்தைப் பாருங்கள்.

புரதப் பக்கத்துக்கு: பாப்பேய்ன் நொதியில் 60 டிகிரியில் ஓரிரவு, டைமெத்தில் மெத்திலீன் நீலத்தில் 525 நானோமீட்டர் அருகே புரோட்டியோகிளைக்கான் அளவு, அதே கரைசலில் டி.என்.ஏ. அளவு. புரோட்டியோகிளைக்கானை ஈர எடைக்கும் டி.என்.ஏ.வுக்கும் இரண்டு வகையிலும் வகுத்து எழுதுங்கள். செல் குறைந்த இடத்தில் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும், அந்த முரணே பல நேரம் முக்கியமான தகவல்.

எண்களைக் கையாளுதல்

மாதிரி எண்ணிக்கை என்பது நோயாளிகளின் எண்ணிக்கை. ஒரு நோயாளியின் செல்களை ஆறு குழிகளில் வைத்தால் ஆறு மாதிரி ஆகாது. ஆறின் சராசரி ஒரு மாதிரி. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு பகுதிக்குப் பகுதி உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும், ஆகவே ஒரே முழங்காலுக்குள் இணை ஒப்பீடு செய்யுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் போனால் நோயாளியைத் தற்செயல் காரணியாகவும், ஓ.ஏ.ஆர்.எஸ்.ஐ. தரத்தைத் தனிக் காரணியாகவும் வைத்த கலப்புப் புள்ளியியல் மாதிரியமே (mixed model) பொருந்தும். தரத்தைச் சேர்த்ததும் பகுதியின் விளைவு மறைந்துவிட்டால், நீங்கள் கண்டது தேய்மானம். அதை அப்படியே எழுதுங்கள், அதுவும் உண்மையான முடிவுதான்.

வயது, பால், எடை, எந்தப் பக்க முழங்கால், கால் எந்தப் புறம் எவ்வளவு வளைந்தது, கடைசியாக மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்ட தேதி ஆகியவற்றை அறுவைக்கு முன்பே படிவத்தில் வாங்குங்கள். பிறகு கோப்பில் தேடினால் பாதி கிடைக்காது. வெட்டிய இடத்தைச் சொல்லும்போது "உட்பக்கம்" என்று நிறுத்தாமல், எந்த எலும்பு, முன்னா நடுவா பின்னா, மெனிஸ்கஸின் அடியிலா வெளியிலா, எத்தனை சதவீத ஆழம் என்று நான்கையும் அட்டவணையில் எழுதி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை முடிவுகளோடு சேர்த்து வையுங்கள்.